விமானத்தைப் பார்த்தல்: காமிரா எந்தப் பக்கம் நிற்கிறது?

2010 பிப்ரவரியில் டில்லி விமான நிலையத்தை ஒட்டிய ஓர் ஓட்டலில் இரண்டு ஆங்கிலேயர்கள் பிடிபட்டார்கள். ஓடுபாதை தெரிகிற மாதிரி அறை கேட்டிருக்கிறார்கள். அறையில் தொலைநோக்கி, காமிரா, மடிக்கணினி, பறக்கும் விமானங்கள் அனுப்புகிற சமிக்ஞைகளை வாங்கித் திரையில் காட்டும் கருவி ஒன்று. ஓட்டல்காரர்கள் சந்தேகப்பட்டுப் போலீசுக்குச் சொல்லிவிட்டார்கள். மும்பைத் தாக்குதல் நடந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்த நேரம். உளவு இல்லை, விமானம் பார்ப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு என்பது அவர்கள் தரப்பு. 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டத்தின் கீழ் வழக்கு. ஏறத்தாழ இரண்டு மாதம் ஊர்திரும்ப முடியாமல் கிடந்து, அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள்.

இந்தச் செய்தியைப் படித்து நம்மில் பலர் சிரித்திருப்போம். லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, கடல் கடந்து வந்து, தாஜ்மகாலைப் பார்க்காமல் விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கிற எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, படம் பிடித்துக்கொண்டு போகிறவன் பைத்தியமா, ஒற்றனா? இந்தக் கேள்வி டில்லிப் போலீசுக்கு மட்டும் வந்ததல்ல. 2001 நவம்பரில் கிரேக்க நாட்டில் கலமாட்டா விமானத்தளத்தில் பன்னிரண்டு ஆங்கிலேயரும் இரண்டு டச்சுக்காரரும் இதே காரியத்துக்காகப் பிடிபட்டார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. இரண்டு சம்பவங்களையும் கோமாளித்தனம் என்று தள்ளிவிடலாம். ஆனால் விமானத்தைப் பார்ப்பது ஓரிடத்தில் பொழுதுபோக்காகவும் இன்னோரிடத்தில் குற்றமாகவும் ஆனதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது மீனம்பாக்கம், பல்லாவரம், தாம்பரம் வழியாகவும் போகிறது.

விமானம் பார்க்கும் பழக்கத்தை ஆங்கிலேயருக்கு ஊட்டியதில் அவர்களுடைய அரசுக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானங்கள் லண்டன் மேல் குண்டு போட்டபோது, வருவது எதிரியா நம் ஆளா என்று தரையிலிருந்தே கண்டுசொல்ல ஆட்கள் தேவைப்பட்டார்கள். நோக்கர் படை என்ற தொண்டர் அமைப்புக்கு 1941இல் அரச அந்தஸ்து கிடைத்தது. அதே வருஷம் விமானங்களை அடையாளம் காண்பதற்கென்றே ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியது. விமானங்களின் நிழலுருவப் படங்களைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பையன்கள் மனப்பாடம் செய்தார்கள். இறக்கை எப்படி, வால் எப்படி, என்ஜின் எத்தனை. போர் முடிந்தது. பழகிய கண்கள் பழக்கத்தை விடவில்லை. அவை பயணிகள் விமானத்தின் பக்கம் திரும்பின. 1950களில் லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் மொட்டைமாடியில் நின்று விமானம் பார்க்கப் பொதுமக்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. உள்ளூரில் பார்த்துத் தீர்ந்தவர்கள் பிறகு நாடு நாடாகப் போக ஆரம்பித்தார்கள்.

அதே ஆட்சி இங்கே என்ன செய்தது? 1911இல் தன் நாட்டில் இயற்றிய அரசு இரகசியச் சட்டத்தின் வழியில் 1923இல் இந்தியாவுக்கும் ஒன்றைச் செய்து கொடுத்தது. அதை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்ப்பது நல்லது. வரைபடம் என்ற சொல்லுக்குள்ளேயே புகைப்படமும் அடக்கம் என்கிறது அதன் விளக்கப் பிரிவு. தடைசெய்யப்பட்ட இடத்துக்குள் நுழைவதும், அதை நெருங்குவதும், அதன் அக்கம்பக்கத்தில் இருப்பதும்கூட, கெட்ட நோக்கத்தோடு என்றால் குற்றம். நோக்கம் கெட்டது என்று எப்படித் தெரியும்? குறிப்பிட்ட செயல் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சூழ்நிலை, நடத்தை, அந்த ஆளைப் பற்றி அறியப்பட்ட குணம் இவற்றிலிருந்து தோன்றினாலே போதும். அதாவது என்ன பார்த்தாய் என்பதைவிட நீ யார் என்பதே தீர்ப்பு. 1934இல் விமானச் சட்டம் வந்தது, 1937இல் விமான விதிகள். பதின்மூன்றாம் விதி, அரசு விமான நிலையத்திலோ பறக்கும் விமானத்திலிருந்தோ எழுத்துமூல அனுமதியில்லாமல் புகைப்படம் எடுக்கக் கூடாது என்றது.

அங்கே குடிமக்களுக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுத்த கை இங்கே குடிகளின் கண்ணைப் பொத்தியது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னை பாதி காலியானபோதும், 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து குண்டு போட்டுப் போனபோதும், சாதாரண சனங்களுக்கு இருந்த வேலை விளக்கை அணைப்பதும் பதுங்குவதும் ஊரைவிட்டு ஓடுவதும்தான். வானத்தை அண்ணாந்து பார்த்துச் செய்தி சொல்லத்தக்கவர்களாக அவர்கள் கருதப்படவில்லை. 2010இல் டில்லியில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் தங்கள் பாட்டன் தலைமுறை இங்கே விட்டுப்போன சட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். விமானத்தின் எழுத்தை எழுதிச் சேகரிக்கிறவர்கள் இதையும் குறித்திருக்கலாம்: இந்திய விமானங்கள் எல்லாம் இன்றைக்கும் சுமக்கிற வி.டி. என்ற எழுத்துகள், 1920களின் இறுதியில் பிரிட்டிஷ் பேரரசுக்கு ஒதுக்கப்பட்ட எழுத்து வரிசையிலிருந்து இங்கே விழுந்தவை. வைஸ்ராயின் பிரதேசம் என்று அதற்கு விரிவு சொல்வது கட்டுக்கதை. ஆனால் கட்டுக்கதைகள் சும்மா முளைப்பதில்லை.

தடைக்கு முன்னால் இங்கேயும் பார்வை விற்கப்பட்டிருக்கிறது. 1910இல் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாகோமோ டி ஆஞ்செலிஸ் என்பவர் தானே ஒரு விமானத்தைக் கட்டுவித்தார். பல்லாவரத்தில் சோதித்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வைத்துப் பறந்து காட்டினார். 1932 அக்டோபரில் டாட்டாவின் தபால் விமானம் கராச்சியிலிருந்து ஆமதாபாத், பம்பாய், பெல்லாரி வழியாகச் சென்னை வந்தது. பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா, அப்புறம் நெவில் வின்சென்ட். மீனம்பாக்கத்தின் பழைய நிலையத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு விமானம் பார்க்கிற மாடம் இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். காசு கொடுத்து, அடைத்த இடத்தில் நின்று, காட்டுவதை மட்டும் பார்ப்பது அன்றும் பிரச்சினையாக இருந்ததில்லை.

தென்புறநகரில் வாழ்கிறவர்களுக்கோ விமானம் காட்சிப்பொருள் அல்ல. திரிசூலம் ஸ்டேஷன் நடைமேடையில் நின்றால் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப்பக்கம் விமான நிலையம். பரங்கிமலை உச்சியில் மாதா கோயிலுக்குப் போனவர்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பொழிச்சலூர், கவுல் பஜார், கொளப்பாக்கம் பக்கம் வீட்டுக்கு மேலேயே சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்குகிறது. பேச்சை நிறுத்தி, அது போனபிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வது அங்கே இலக்கணம். தாம்பரத்தில் விமானப்படைத் தளத்தின் நீண்ட சுவர். 1948இல் அம்பாலாவில் தொடங்கி அப்புறம் இங்கே வந்த பயிற்சியாளர் பள்ளியின் சிறு விமானங்கள் சேலையூர், செம்பாக்கம் மேலே வட்டமடிக்கின்றன. இந்தச் சனங்களுக்குச் சத்தத்தை வைத்தே விமானம் தெரியும். இங்கிலாந்தில் பத்திரிகை போட்டுச் சொல்லிக்கொடுத்த அறிவு இங்கே காதுவழியாக, யாரும் கேட்காமலே வந்து சேர்ந்தது. ஆனால் அந்த அறிவுக்குப் பெயர் கிடையாது, பொழுதுபோக்கு என்ற கௌரவமும் கிடையாது. சட்டத்தின் பாஷையில் அவர்கள் பிறந்ததிலிருந்தே அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்.

அப்படியென்றால் நம்மிடம் விமானப் புகைப்படமே இல்லையா? நிறைய இருக்கின்றன. பொருட்காட்சித் திடல்களில் ஸ்டூடியோக்காரர் தட்டியில் வரைந்து வெட்டி நிறுத்திய விமானம். சன்னல் ஓட்டையில் குடும்பமே தலையை நீட்டிக்கொண்டிருக்கும். புதுமாப்பிள்ளை பைலட் இடத்தில், பெண்டாட்டி அவன் பின்னால், மச்சினன் வால் பக்கம். விமானத்தில் ஏறவே போகாத பலரிடம் அப்படியொரு கருப்பு வெள்ளைப் படம் உண்டு. அசல் விமானத்தைப் படம் பிடிக்க அரசின் அனுமதி வேண்டும். தட்டி விமானத்துக்கு ஸ்டூடியோக்காரர் கேட்ட காசு போதும். இதை ஏக்கம் என்று மட்டும் வாசிப்பது சோம்பேறித்தனம். கிண்டலும் அதில் கலந்திருக்கிறது. பறக்காத விமானத்தில் உட்கார்ந்து இவ்வளவு தீவிரமாக முகத்தை வைத்துக்கொள்ள, அது பறக்காது என்று தெரிந்தவர்களால்தான் முடியும்.

1970களில் வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கியபோது இன்னொரு வகைப் படம் சேர்ந்தது. இராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வேன் பிடித்துக்கொண்டு ஊரே வழியனுப்ப வரும். மாலை, சந்தனம், பிளாஸ்டிக் கூடையில் கட்டுச்சோறு. நுழைவாயிலுக்கு வெளியே வரிசையாக நின்று ஒரு குரூப் போட்டோ. அந்தப் படங்களில் விமானம் இராது. தூண் இருக்கும், டிராலி இருக்கும், பின்னால் ஒரு போலீஸ்காரரின் பாதி உடம்பு இருக்கும். “அண்ணே, இந்தப் பக்கம் காமிரா வேணாம், அப்படித் தள்ளி நில்லுங்க” என்று அவர் சொல்லியிருப்பார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த படங்களிலோ விமானம் முழுசாக இருந்தது. 1981இல் திறந்த சாங்கியில் பயணிகளும் வந்தவர்களும் விமானம் பார்ப்பதற்கென்றே கண்ணாடிக் கூடங்கள் உண்டு. சொந்த ஊர் விமான நிலையத்தைப் படம் பிடிக்க முடியாதவன் அடுத்தவன் ஊர் விமான நிலையத்தைப் படம் பிடித்து அனுப்பினான். தமிழனின் விமானப் புகைப்படக்கலை இப்படி வெளிநாட்டில்தான் தொடங்குகிறது. அதை எடுத்தவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், கூலிக்குப் போனவர்கள்.

காமிராவோடு உலகம் சுற்றிய தமிழர் என்றால் ஏ.கே. செட்டியாரைச் சொல்லாமல் முடியாது. டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்து 1940இல் வெளியிட்டவர். அவருடைய கண் மனிதர்களைத் தேடியது. வாகனங்களை அது சட்டை செய்ததாகத் தெரியவில்லை. நம் பயண எழுத்து பெரும்பாலும் அவர் வழிதான். போய்ச் சேர்ந்த இடம் முக்கியம், போன வாகனம் அல்ல. வாகனமே பயணத்தின் நோக்கமாகிற ஆங்கிலேய மனநிலை நமக்குப் புரியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் புரியாமை குற்றச்சாட்டாக மாறுவதற்கு இது மட்டும் போதாது.

1984 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கொழும்பு விமானத்துக்காக வைத்த பெட்டிகள் இங்கேயே வெடித்தன. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் இறங்கி ஸ்ரீபெரும்புதூருக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது, குண்டுவெடிப்பில் தானும் செத்த ஹரிபாபு கழுத்தில் கிடந்த காமிரா. அதற்குப்பின் இலங்கைத் தமிழர்கள் காவல்நிலையத்தில் பதிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அந்த வருஷங்களில் தாம்பரத்துச் சுவரோரம் ஒரு ஈழத்துப் பையன் தொலைநோக்கியோடு நின்றிருந்தால், விமானம் பார்ப்பது என் பொழுதுபோக்கு என்று அவன் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டில்லியில் பிடிபட்டவர்களுக்குத் தூதரகம் இருந்தது, லண்டன் பத்திரிகைகள் இருந்தன, பொழுதுபோக்கு என்ற சொல்லுக்குப் பின்னால் எழுபது வருஷத்து மரபு இருந்தது. பொழுதுபோக்கு என்பதை உரிமையாகக் கோரவே ஒரு கடவுச்சீட்டு வேண்டியிருக்கிறது. 'அறியப்பட்ட குணம்' என்று 1923இல் எழுதிவைத்தது யாருக்காக என்பதும் இங்கே தெரிகிறது.

ஃபூக்கோவை இழுக்காமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது என்று நண்பர்கள் எதிர்பார்க்கக் கூடும். தன்னைக் காட்டாமல் மற்றவரைப் பார்க்கிற வட்டச் சிறை பொருத்தமான உவமைதான். ஆனால் நம் ஊரில் விஷயம் அதைவிடச் சிக்கலானது. அரசு தன்னை எப்போதும் மறைத்துக்கொள்வதில்லை. 2024 அக்டோபர் 6ஆம் தேதி விமானப்படையின் 92ஆம் ஆண்டையொட்டி மெரினாவில் சாகசக் காட்சி. வாருங்கள், பாருங்கள் என்று அழைத்து இலட்சக்கணக்கான சனம் கடற்கரையில் கூடியது. ஒவ்வொரு கையிலும் காமிரா. போர்விமானத்தைப் படம் பிடிக்க யாரும் தடை சொல்லவில்லை, சாதனைப் புத்தகத்தில் ஏறும் என்று பேச்சு. வெயிலிலும் கூட்டத்திலும் ஐந்து பேர் செத்துப்போனார்கள். இரண்டு நாள் கழித்து, 8ஆம் தேதி, அணிவகுப்பு தாம்பரத் தளத்தில் நடந்தது. அந்தச் சுவருக்கு வெளியே காமிராவைத் தூக்குகிறவன் மறுபடியும் சந்தேகத்துக்குரியவன். விமானம் அதே விமானம். தடைசெய்யப்பட்டது விமானத்தின் தோற்றம் அல்ல, எப்போது எங்கே நின்று பார்க்கலாம் என்று நாமே தீர்மானிப்பது.

விதிகளின் கதை சிரிப்பாய்ச் சிரிக்கிறது. 2004 டிசம்பரில் வந்த சுற்றறிக்கை, பயணி விமானத்துக்குள்ளிருந்து படம் எடுத்துக்கொள்ளலாம் என்றது. 2020 செப்டம்பரில் நடிகை கங்கனா பயணம் செய்த விமானத்தில் செய்தியாளர்கள் அமளி பண்ணியதும், இனி படம் எடுத்தால் அந்தத் தடத்தில் விமானச் சேவையே இரண்டு வாரத்துக்கு நிறுத்தப்படும் என்று ஓர் ஆணை. உடனே, பயணிகளுக்கு 2004 அனுமதி உண்டு என்று விளக்கம். 2025 மே மாதம் பாகிஸ்தானுடன் நடந்த சண்டைக்குப் பிறகு, இராணுவமும் பயன்படுத்தும் விமானத்தளங்களில், முக்கியமாக மேற்கு எல்லைப்பக்கம், பத்தாயிரம் அடி உயரம் எட்டும் வரை சன்னல் மறைப்பை மூடிவை என்றார்கள். இதற்கிடையே வானத்திலிருந்து எடுத்த செயற்கைக்கோள் படங்கள் எல்லார் கணினியிலும் வந்தாயிற்று. 2005இலேயே குடியரசுத் தலைவர் கலாம் அதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். தாம்பரம் ஓடுபாதையை அமெரிக்காவில் உட்கார்ந்து எண்ணலாம், மாடம்பாக்கத்துக்காரன் மொட்டைமாடியில் நின்று படம் பிடித்தால்தான் வில்லங்கம். போகிறவன் முகத்தை நிலையமே படம் பிடித்துக்கொண்டு உள்ளே விடும் டிஜி யாத்ரா 2022 டிசம்பரில் டில்லியில் தொடங்கி அப்புறம் சென்னைக்கும் வந்துவிட்டது. அதற்கு எழுத்துமூல அனுமதி யாரிடம் கேட்டார்கள்?

காமிரா விமான நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஒரு வரலாறு உண்டு. 1966இல் ஜப்பானிய அரசு தோக்கியோவுக்குப் புதிய விமான நிலையம் நரிட்டாவில் என்று, அங்குள்ள விவசாயிகளைக் கேட்காமலே முடிவெடுத்தது. சன்ரிசுகா விவசாயிகள் எதிர்த்தார்கள். மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஒகாவா ஷின்சுகே என்ற ஆவணப்பட இயக்குநர் தன் குழுவோடு அங்கேயே போய்த் தங்கிவிட்டார். 1968இல் முதல் படம், 1973இல் ஹெட்டா கிராமத்தைப் பற்றிய படம் என்று வருஷக்கணக்கில் எடுத்தார்கள். போலீசின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்கப்படும் செய்திப்படத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தப் படங்களில் காமிரா நிற்கிற இடமே செய்தி. அது விவசாயிகளோடு நின்று, வருகிற போலீசைப் பார்க்கிறது. பிந்திய படத்தில் சண்டையைவிட அதிகமாகக் கிழவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், அவசரமேயில்லாமல். 1978 மார்ச்சில் போராட்டக்காரர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து கருவிகளை உடைத்ததால் திறப்பு தள்ளிப்போய், மே 20இல் நிலையம் திறந்தது. இன்றைக்கு அதே நரிட்டாவின் ஓரத்தில் விமானம் பார்க்கிறவர்களுக்கென்றே பூங்கா இருக்கிறது. பல நாட்டிலிருந்தும் காமிராவோடு வருகிறார்கள். அவர்கள் கண்ணாடிவில்லைக்குள் விமானம் மட்டும் வருகிறது.

நம் பக்கத்திலும் எதிர்ப்பக்கக் காமிரா இல்லாமல் இல்லை. மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆறு தன் இடத்துக்கு வந்தபோது நிலையம் மூடப்பட்டு, அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விட வேண்டியதாயிற்று. தண்ணீரில் நிற்கிற விமானங்களின் படங்கள் அன்று உலகமெல்லாம் போயின. பதின்மூன்றாம் விதி அந்த நாட்களில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஆற்றின்மேல் ஓடுபாதை என்ற பொறியியல் பெருமைக்கு அந்தப் படங்களைவிட நல்ல விமர்சனக் கட்டுரை எழுதப்படவில்லை. 2022 ஆகஸ்டில் அடுத்த விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவிப்பு வந்தது. ஏரியும் வயலுமாக இருக்கிற ஏகனாபுரத்தில் சனங்கள் இரவுதோறும் கூடினார்கள். கிராமசபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். வெளியிலிருந்து போகிறவர்களைப் போலீஸ் பலமுறை வழிமறித்தது. விமானமே இல்லாத இடத்தில், ஓடுபாதையே வராத வயலில், காமிராவுக்கு இப்படியொரு பயம். ஏகனாபுரத்துப் பையன்கள் செல்போனில் எடுத்து வைத்திருக்கிற ஏரி, களம், நடவு, ஊர்வலம் எல்லாம் விமான நிலையப் புகைப்படங்கள்தான்.

கடைசியாக, தாம்பரத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம். 2016 ஜூலை 22ஆம் தேதி காலை விமானப்படையின் ஏ.என்.32 போர்ட் பிளேருக்குப் புறப்பட்டது. உள்ளே 29 பேர். வங்காள விரிகுடாவின் மேல் காணாமல் போனது. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. செப்டம்பரில், இறந்ததாகக் கொள்ளலாம் என்று குடும்பங்களுக்குச் சொல்லியாயிற்று. காட்ட ஒன்றும் இருக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தூரத்தில், 3400 மீட்டர் ஆழத்தில் படம் எடுத்திருக்கிறது, அதில் தெரியும் உடைசல்கள் ஏ.என்.32க்கு ஒத்துப்போகின்றன என்று. படங்களை நிழலுருவத்தோடு ஒப்பிட்டு இறக்கை எது வால் எது என்று பார்க்கிற அந்தப் பழைய வேலையை இந்தமுறை அரசே செய்தது. அந்த நிறுவனம் பள்ளிக்கரணையில், வேளச்சேரி - தாம்பரம் சாலையில் இருக்கிறது. தாம்பரம் போகிற பஸ்கள் அதன் வாசல் வழியாகத்தான் போகின்றன.